அபு சிம்பலில் ஓர் இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் மியூனிக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிசம்பர் மாத எகிப்துப் பயணத்துக்காக நீ தயாரித்து அனுப்பிய பத்து நாள் திட்டத்தைத் தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்து, மூன்று நாள்களாகப் பென்சிலும் கையுமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எட்டு வயதுப் பேரன் முதல் எழுபத்து நான்கு வயதுப் பெரிய அத்தை வரை பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வேற்று நாட்டுக்குப் போகும் பொறுப்பை நீயாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டிருக்கிறாய். அதில் எனக்குள்ள மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைத் தொலைபேசியில் சொன்னால் பாதிதான் சொல்ல வரும் என்பதால் எழுதுகிறேன்.

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், "அபு சிம்பல் வேண்டாம், அஸ்வானிலிருந்து அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட வேண்டும், போக வர 560 கிலோமீட்டர், பெரியவர்களுக்குத் தாங்காது" என்று குறித்திருக்கிறாய். எங்கள் உடம்பை நினைத்துத்தான் அப்படி எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். அந்த அக்கறையைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் கேட்கிறேன். வேறு எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், பிரமிடைக்கூட வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன், அபு சிம்பல் கோயிலை மட்டும் எடுத்துவிடாதே. அது ஏன் என்று உன்னிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

உன் தாத்தா பிறந்த ஊர் மேட்டூர் அணை நீருக்குள் இருக்கிறது என்பதைச் சிறு வயதில் கேட்டிருப்பாய். 1925-இல் தொடங்கிய அணை 1934-இல் முடிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. வீட்டின் கதவு நிலைகளையும் உத்தரங்களையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனதாகச் சொல்வார். நான் பொதுப்பணித் துறையில் சேர்ந்த புதிதில் ஒரு கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது. பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிகின்றன என்று கேள்விப்பட்டு, தாத்தா என்னை அழைத்துக்கொண்டு போனார். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வண்டல்மீது நடந்தோம். நந்தியின் அருகில் அவர் நிற்கவில்லை. அதைத் தாண்டி, எதையோ எண்ணிக்கொள்பவர்போல வாய் முணுமுணுக்க நடந்துபோய் ஓரிடத்தில் நின்று, செருப்பை உதறிவிட்டுக் காலால் மண்ணைக் கிளறினார். கருங்கல் ஆட்டுக்கல் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. குழியில் நிறைந்திருந்த வண்டலை இரண்டு கைகளாலும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, வேட்டி நுனியால் அந்தக் குழியைத் துடைத்தார். அது எங்கள் வீட்டு ஆட்டுக்கல்தானா என்று கேட்டேன். "யார் வீட்டுதா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். வீடு திரும்பும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகள் நானும் அணைகள், மதகுகள், வாய்க்கால்கள் என்றே வேலை பார்த்தேன். அணை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மேட்டூர் இல்லாமல் டெல்டாவின் குறுவை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீருக்குள் போகவிருந்த ஒரு கோயிலை நீர் எட்டாத உயரத்துக்கு மனிதர்கள் தூக்கி வைத்தார்கள் என்று பயிற்சி வகுப்பு ஒன்றில் முதன்முதலாகக் கேட்டபோது, அந்த இடத்தை உயிரோடு இருக்கையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இப்போது நாற்பது வயதாகிறது.

நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணையைக் கட்டும் வேலை 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்தது. அதன் பின்னால் தேங்கி நிற்கும் நாசர் ஏரி, எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம். அந்த நீர் மூழ்கடிக்கவிருந்தவற்றுள் பெரியது, இரண்டாம் ராம்சேஸ் என்னும் அரசன் 3,200 ஆண்டுகளுக்கு முன் மலைப்பாறையைக் குடைந்து எடுப்பித்த அபு சிம்பல் கோயில். யுனெஸ்கோ 1960-இல் உலக நாடுகளிடம் உதவி கேட்டது. நம் இந்தியத் தொல்லியல் துறையும் ஒரு குழுவை அனுப்பி, நீருக்குள் போகவிருந்த நூபியப் பகுதியில் அஃபியே என்னும் இடத்தில் 1961-62-இல் அகழாய்வு செய்திருக்கிறது. கோயிலைக் காப்பாற்றப் பல யோசனைகள் வந்தன. மலையோடு சேர்த்து ஒரே துண்டாக வெட்டி, ஜாக்கிகளால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றலாம் என்று இத்தாலியர்கள் ஒரு திட்டம் கொடுத்தார்கள். செலவு தாங்காது என்று அது கைவிடப்பட்டது. கடைசியில் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து மேலே கொண்டுபோய் மறுபடி அடுக்குவது என்று முடிவாயிற்று.

1964 முதல் 1968 வரை அந்த வேலை நடந்தது. அணைக்குப் பின்னால் ஏற்கெனவே தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டதால், முதலில் கோயிலைச் சுற்றி ஒரு தற்காலிகத் தடுப்பணை கட்டித்தான் மற்ற வேலையில் கை வைக்க முடிந்தது. மேலே பாறையை உடைக்கும்போது விழும் கற்கள் முகப்புச் சிலைகளைச் சிதைக்காமல் இருக்க, அந்தச் சிலைகளை மணலைக் கொட்டி மூடினார்கள். மணற்கல் பொரிந்து உதிரக்கூடியது என்பதால் அதனுள் பிசினைச் செலுத்தி இறுக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் முகப்புப் பக்கங்களைக் கைரம்பத்தால், வெட்டுத்தடம் சில மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி அறுத்தார்கள். இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றும் சராசரியாக 20 டன், பெரியவை 30 டன் வரை. அவற்றையெல்லாம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரே, 200 மீட்டர் உள்ளே தள்ளிக் கொண்டுபோய் அடுக்கி, பின்னால் கான்கிரீட் குவிமாடம் ஒன்றைக் கட்டி, அதன்மேல் செயற்கையாக ஒரு மலையையும் எழுப்பினார்கள். இந்த வேலையைச் செய்த பன்னாட்டு நிறுவனக் கூட்டுக்குத் தலைமை தாங்கியது நீ இருக்கும் ஜெர்மனியின் ஹோக்டீஃப். மேட்டூர் அணையின் உயரம் 214 அடி என்று உனக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை மீட்டராக்கினால் 65. கோயிலை ஏற்றிய உயரமும் அதே அளவுதான் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சற்று நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அங்கே நான் நேரில் பார்க்க விரும்பும் ஒன்றைச் சொல்கிறேன். முகப்பில் அமர்ந்த கோலத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில், நான்கு ராம்சேஸ் சிலைகள் இருக்கின்றன. இடமிருந்து இரண்டாவது சிலையின் தலையும் உடலின் மேற்பாகமும் பண்டைக் காலத்திலேயே உடைந்து கீழே விழுந்துவிட்டன. கோயிலை மேலே கொண்டுபோனபோது, அந்தத் தலையை எடுத்துச் சிலைமீது பொருத்திவிடுவது பொறியாளர்களுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்காது. அவர்கள் அதைச் செய்யவில்லை. விழுந்து கிடந்த துண்டுகளை, கீழே எப்படிக் கிடந்தனவோ அப்படியே, சிலையின் காலடியில் கிடத்தினார்கள். இடிந்ததையும் இடிந்தபடியே காப்பாற்றியிருக்கிறார்கள். பழுதுபார்க்கும் வேலை செய்த எவனுக்கும் அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினம் என்பது புரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. அந்த ஏரி எகிப்துப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 50,000 நூபிய மக்களின் ஊர்களை மூழ்கடித்தது. 1963, 1964 ஆண்டுகளில் அவர்களை வடக்கே கோம் ஓம்போ பக்கம் கட்டிய புதுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆற்றங்கரையில் பேரீச்சை மரங்களோடு வாழ்ந்தவர்களுக்கு, ஆற்றிலிருந்து விலகிய வரிசை வீடுகள் கிடைத்தன. கல்லுக்குக் காட்டிய பொறுமையை மனிதர்களுக்கும் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம். அதனால் அஸ்வானில் 1997-இல் திறந்த நூபிய அருங்காட்சியகத்துக்கு ஒரு மாலைப்பொழுதைக் கட்டாயம் ஒதுக்கிவிடு. உன் திட்டத்தில் அது இல்லை. பேரனையும் என்னோடு அனுப்பு. அவனிடம் ஆட்டுக்கல் கதையை அங்கே வைத்துச் சொல்கிறேன்.

இனி வழியைச் சொல்கிறேன். அதிகாலை மூன்றரை மணி என்பது, ஒரே நாளில் போய்த் திரும்பவேண்டும் என்று நினைப்பதால் வரும் சங்கடம். அபு சிம்பலிலேயே தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அஸ்வானில் காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் வேன் ஏறினால், மூன்றரை மணி நேரத்தில், வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தினாலும் பிற்பகலில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நேரத்தில் காலையில் வந்த பேருந்துகளெல்லாம் திரும்பியிருக்கும். பகல் முடியுமட்டும் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கலாம். இரவு அங்கேயே தூங்கி எழுந்து, மறுநாள் வாசல் திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும். கோயில் கிழக்கு நோக்கியது. ஏரிக்கு அப்பாலிருந்து எழும் வெயில் நேராக அந்த நான்கு முகங்களில் விழும். அஸ்வானிலிருந்து வரும் கூட்டம் சேர்வதற்குள் நாம் பார்த்து முடித்திருப்போம். பக்கத்திலேயே அரசி நெஃபெர்தாரிக்கு எடுத்த சிறிய கோயில் இருக்கிறது. அதன் முகப்பில் அரசியின் சிலைகளை அரசன் சிலைகளுக்கு நிகரான உயரத்தில் வைத்திருக்கிறார்கள். எகிப்தில் அது அபூர்வம் என்பதால் உன் அம்மா அதைத்தான் முதலில் பார்ப்பேன் என்கிறாள். ஆண்டில் இரண்டு நாள், பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில், சூரிய ஒளி கருவறைவரை போகும் என்று படித்திருப்பாய். அந்த நாள்களில் நிற்க இடம் இருக்காது என்பதால், டிசம்பரில் போவது நமக்கு நல்லதுதான்.

இதற்கான நாள்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பாய். அலெக்சாண்ட்ரியாவை விட்டுவிடு. கெய்ரோவிலிருந்து அது 220 கிலோமீட்டர். நீ அபு சிம்பலுக்குச் சொன்ன அதே களைப்பு அதற்கும் உண்டு. புகழ்பெற்ற பழைய கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களில் இடிந்து, அந்த இடத்தில் 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டைதான் நிற்கிறது. 2002-இல் திறந்த புதிய நூலகம் அழகானது என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அதில் விருப்பம் என்றால் நீங்கள் மூவரும் வேறொரு முறை ஐரோப்பாவிலிருந்து எளிதாக வந்து போகலாம். ஹுர்காடாக் கடற்கரைக்கு வைத்திருக்கும் இரண்டு நாள்களையும் எடுத்துவிடலாம். பேரன் ஏமாந்துபோவான் என்று தயங்காதே. மூன்று இரவுகள் கப்பலில் தூங்கப் போகிறோம் என்று அவனிடம் சொல்லிப் பார்.

ஹுர்காடா வேண்டாம் என்றால் உன் சித்தப்பா வருத்தப்படுவார். அங்கிருந்து தெற்கே செங்கடற்கரையில் உள்ள குசெய்ர் அல்-காதிமுக்குப் போகலாம் என்று அவர் ஓர் எண்ணம் வைத்திருக்கிறார். அங்கே கிடைத்த, தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓட்டைப் பற்றி எனக்கும் செய்தித்தாள் துண்டு அனுப்பியிருந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஓட்டில் "பானை ஒறி" என்று எழுதியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஒறி என்பது நம் உறிதான். எங்கள் பழைய வீட்டு அடுக்களையில், பூனை எட்டாத உயரத்தில், கயிற்று உறியில் மோர்ப்பானை ஆடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சொல்லை நம்மவன் ஒருவன் கடல் கடந்து கொண்டுபோய் எழுதியிருக்கிறான் என்று நினைத்தால் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்த அகழாய்வுக் களத்தில் இன்று போய் நின்றால் மணல்மேட்டைத்தான் பார்க்கலாம் என்று அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவரது மனக்குறை தீரக் கெய்ரோவிலேயே ஒரு வழி இருக்கிறது.

கெய்ரோவில் எகிப்திய நாகரிகத்துக்கான தேசிய அருங்காட்சியகத்தை நீ விருப்பமிருந்தால் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறாய். அதைக் கட்டாயம் என்று மாற்று. 2021 ஏப்ரலில் 22 அரச உடல்களை ஊர்வலமாக அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அவற்றுள் இரண்டாம் ராம்சேஸ் இருக்கிறார். அவருடைய மூக்கினுள் மிளகு மணிகள் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மிளகு விளைந்த மண் நம் மேற்கு மலைத் தொடரின் சரிவுகள்தான். அது எந்தக் கைகளின் வழியாக அவ்வளவு தூரம் போயிற்று என்று சித்தப்பா நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பார். நம் எல்லோருக்குமே, முதலில் கெய்ரோவில் அந்த மனிதரின் சுருங்கிப்போன முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தெற்கே போய் அவர் தமக்கு எடுத்துக்கொண்ட 20 மீட்டர் உருவத்தைப் பார்ப்பதுதான் சரியான வரிசை என்று தோன்றுகிறது.

நீ ஒரே நாளில் பிரமிடுகள் நிற்கும் கீசா, சக்காரா, தஹ்ஷூர், அவற்றோடு புதிய அருங்காட்சியகம் என நான்கையும் அடைத்திருப்பது நடக்காது, கண்ணு. 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்துக்கு மட்டுமே ஒரு முழு நாள் வேண்டும். துத்தன்காமன் என்னும் இளம் அரசனின் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. கூஃபு அரசனின் மரக்கலத்தையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பெரிய அத்தைக்குச் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிவிட வேண்டும். அவர் வேண்டாம் என்பார். தம்பி தள்ளினால் உட்கார்ந்துகொள்வார். பிரமிடுகளுக்கு வேறொரு நாள் காலை. 146 மீட்டராக எழுந்த பெரிய பிரமிடு உச்சி உதிர்ந்து இன்று 138 மீட்டர் அளவில் நிற்கிறது. உள்ளே ஏறும் வழி நிமிர முடியாத அளவுக்குத் தாழ்வானது, காற்றும் குறைவு, மேலே போனால் காலியான ஒரு கல்பெட்டிதான் இருக்கும். மாப்பிள்ளையும் தம்பியும் போய் வரட்டும். நாங்கள் வெளியில் நிழல் பார்த்து உட்கார்ந்திருப்போம். சக்காராவில் ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடு எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதால் அதற்கு ஓர் அரை நாள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குறையில்லை. தஹ்ஷூர் வேண்டாம்.

மூன்று இரவுகள் கெய்ரோ, பிறகு விமானத்தில் அஸ்வான், அங்கே ஓர் இரவு, அபு சிம்பலில் ஓர் இரவு, திரும்பி வந்து கப்பலேறி மூன்று இரவுகள் நைலில் வடக்கு நோக்கி லக்சருக்கு, அங்கே ஓர் இரவு. இப்படி வைத்தால் நீ சொன்ன பத்து நாள்களுக்குள் அடங்கிவிடுகிறது. அஸ்வானிலிருந்து கிளம்பும் கப்பல்கள் குறிப்பிட்ட கிழமைகளில்தான் புறப்படும் என்பதால், கப்பல் தேதியை முதலில் உறுதிசெய்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்து. கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் தாமதித்தால் விலையும் ஏறும், ஒரே தளத்தில் அறைகளும் கிடைக்காது. கீழ்த்தளம் வேண்டாம்; பெரிய அத்தையால் படியேற முடியாது. கரையில் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டிவைப்பதால், நம் கப்பலுக்குப் போக வேறு இரண்டு மூன்று கப்பல்களின் கூடத்தைக் கடந்து போகவேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே எல்லோரிடமும் சொல்லிவைத்தால் அன்று பதற்றம் இருக்காது. கோம் ஓம்போவில் பேரனுக்குப் பதப்படுத்திய முதலைகள் காத்திருக்கின்றன. எட்ஃபூவில் கோயிலுக்குக் குதிரை வண்டியில்தான் அழைத்துப்போவார்கள். அந்தக் குதிரைகளின் நிலை பார்க்கச் சகிக்காது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நமக்கு ஒரு வேன் பேசிவிடு.

லக்சரில் அரசர்களின் பள்ளத்தாக்குச் சீட்டில் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். துத்தன்காமனுக்கும் சேத்தி அரசனுக்கும் தனிச் சீட்டு. முழங்கால் மாற்றியவர்களுக்கு நான்காம் ராம்சேஸ் கல்லறை ஏற்றது; அகலமான வழி, மெல்லிய சரிவு. மூன்றாம் துத்மோசின் கல்லறைக்குச் செங்குத்தான படி ஏறி மீண்டும் இறங்க வேண்டும் என்பதால் அது இளையவர்களுக்கு. கர்னாக் கோயிலின் 134 தூண்களுக்கு நடுவே போவதை மாலைக்கு வை, வெயில் சாய்ந்திருக்கும். விடியற்காலை வெப்பக்காற்றுப் பலூனில் ஏற மாப்பிள்ளைக்கு ஆசை இருப்பது தெரியும். 2013-இல் அங்கே பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பயணிகள் இறந்தார்கள். அதற்குப் பின் விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். பெரியவர்களாகிய நீங்கள் உங்கள் முடிவை எடுக்கலாம். பேரனை ஏற்றாதே என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இவ்வளவு நிதானத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், ஏழாண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு பயண நிறுவனத்தோடு காசிக்கும் கயாவுக்கும் போய்வந்த அனுபவம். நான்கு நாள்களில் பதினோரு இடங்கள், நாற்பது பேர், வழிகாட்டி கொடியை உயர்த்திக்கொண்டு முன்னால் ஓடுவார். கயாவில் விஷ்ணுபாதம் கோயிலிலிருந்து திரும்பியபோது பேருந்தில் தலை எண்ணாமல் கிளப்பிவிட்டார்கள். பெரிய அத்தை ஏறவில்லை என்பதை உன் அம்மா கவனித்துக் கூச்சலிட்ட பிறகுதான் வண்டி நின்றது. இரண்டு மணி நேரம் தேடி, ஒரு பூக்கடையின் படியில், செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். மொழி தெரியாததால் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்றார். ஆகவே நம் பயணத்தில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் இளையவர் ஒருவர் துணை என்று பெயர் பெயராக எழுதிவிடு. தங்கும் விடுதியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அரபு எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று எல்லோருடைய பையிலும் இருக்கட்டும். நடையின் வேகத்தைப் பெரிய அத்தை நிர்ணயிக்கட்டும். பின்னால் வருபவரைப் பார்த்துப் போவதில் முன்னால் போகக்கூடியவர்களுக்கு எந்த நட்டமும் வராது.

மருந்து விஷயம் மிக முக்கியம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரிய அத்தைக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரைகளில் டிராமடால் இருக்கிறது. எகிப்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தெரியாமல் கொண்டுபோன வெளிநாட்டுப் பெண்மணி ஒருவரைச் சிறையில் அடைத்த செய்தி உலகமெங்கும் வந்தது. மருத்துவரைப் பார்த்து வேறு மாத்திரை எழுதி வாங்கிவிடுகிறேன். சித்தப்பாவின் இன்சுலின் கைப்பையில்தான் வரவேண்டும். மற்ற எல்லா மருந்துக்கும் ஆங்கிலத்தில் சீட்டு எடுத்துவைப்போம். தம்பியின் ட்ரோன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல். அனுமதியில்லாமல் அதை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

சாப்பாட்டுக்கு நீ கவலைப்பட்ட அளவு தேவையில்லை. கோஷரி என்று ஒன்று இருக்கிறது; சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். நம் வாய்க்கு ஒத்துப்போகும். மொச்சை வகையை வேகவைத்து மசித்த ஃபூல், அதையே அரைத்துப் பொரித்த தாமியா எல்லாம் சைவம்தான். உன் அம்மா இதையெல்லாம் நம்பாமல் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துவருவாள். கெய்ரோவின் டிசம்பர் இரவுகளில் நன்றாகக் குளிரும் என்பதால் கம்பளிச் சட்டைகளும் வருகின்றன.

பணத்துக்கு ஒரே பொதுக்கணக்கு வை. புறப்படும் முன்பே ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, சித்தியிடம் கொடுத்துவிடு. அவள் கூட்டுறவு வங்கியில் இருந்தவள், ஒரு ரூபாய் பிசகாது. பக்‌ஷீஷ் என்று கேட்டு நீளும் கைகள் அங்கே நிறைய. படகுக்காரர், பெட்டி தூக்குபவர், கழிப்பறைக் காவலர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைச் சித்தியே சில்லறை நோட்டாகக் கொடுத்துவிட்டால் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பையைத் திறக்க வேண்டாம். பெரிய அத்தையின் பங்கை நான் கொடுப்பதாக இருந்தேன்; தம் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க நீயும் முயலாதே.

விசாவை முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பதால் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். சித்தப்பாவினுடையது பயணத்துக்குப் பின் நான்கு மாதங்களில் முடிகிறது. ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பதால் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டோம். இன்னொரு சிக்கலும் தெரிந்தது. என் பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து உன் தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது. பெரிய அத்தையினுடையதில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கிறது. பயணச்சீட்டில் நம் பழக்கப்படி முதலெழுத்தோடு போட்டுவிடாமல், பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும். ஒன்பது பேரின் முதல் பக்கங்களையும் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பெரிய அத்தை இப்போது தினமும் மாலையில் கோயில் பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றுகிறார். முன்பு ஒன்று. எகிப்துக்கு என்று யாரிடமும் சொல்வதில்லை.

அபு சிம்பல் விடுதியில் டிசம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவுக்கு ஆறு அறைகள் கிடைக்குமா, அதில் ஒன்றாவது தரைத்தளத்தில் இருக்குமா என்று இந்த வாரத்துக்குள் விசாரித்து ஒரு வரி எழுது. அது கிடைத்தால் கப்பல் தேதியை அதற்கு ஏற்றபடி நீயே முடிவு செய்துவிடு, என்னைக் கேட்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
அப்பா